சார்தீனியாவில் மோட்டார் சைக்கிள் பயணம்

சார்தீனியா என்பது நடுநிலக்கடலில் (மத்தியதரைக் கடல்) அமைந்துள்ள, இத்தாலி நாட்டுக்கு உரிய ஒரு தீவாகும். பரப்பளவில் சிசிலிக்கு அடுத்தபடியாக அக்கடலின் இரண்டாவது பெரிய தீவு இதுவே. மலைச்சரிவுகளையும் கடலோரப் பாறைகளையும் ஒட்டி வளைந்து செல்லும் சாலைகள் காரணமாக, ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் (உந்துருளி) பயணிகள் பெரிதும் நாடும் இடங்களுள் ஒன்றாக இத்தீவு விளங்குகிறது. இக்கட்டுரை அச்சாலைகளைப் பற்றியும், தீவின் நிலத்துக்கும் உயிரினங்களுக்கும் மக்களுக்கும் கேடு நேராதவாறு அவற்றில் பயணம் செய்யும் முறை பற்றியும் கூறுகிறது.

நிலமும் மக்களும்

தீவின் பரப்பளவு சுமார் 24,000 சதுர கிலோமீட்டர். வடக்கு தெற்காக ஏறத்தாழ 270 கி.மீ. நீளம் உடையது. மக்கள்தொகை 16 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. செம்மறியாடுகளின் எண்ணிக்கை இதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. மிக உயரமான இடம் ஜென்னார்ஜென்து மலைத்தொடரில் உள்ள புந்தா லா மார்மொரா (1,834 மீட்டர்). தலைநகரம் காலியாரி. 1948 முதல் இது இத்தாலியின் தன்னாட்சி மண்டலமாக உள்ளது. இத்தாலிய மொழியுடன் சார்தீனிய மொழியும் பேசப்படுகிறது. வடமேற்கிலுள்ள அல்கேரோ நகரில் மட்டும், 14ஆம் நூற்றாண்டில் அங்கு குடியேறியவர்களின் கத்தலான் மொழி இன்றும் வழக்கில் உள்ளது. வெண்கலக் காலத்தில் பெருங்கற்களை அடுக்கிக் கட்டப்பட்ட நூராகே எனப்படும் கோபுரங்கள் ஏறத்தாழ 7,000 உள்ளன. பல இடங்களில் சாலையிலிருந்தே இவற்றைக் காணலாம். பாருமினி என்னும் ஊரிலுள்ள நூராகே தொகுதி 1997ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

உள்நாட்டு மலைப்பகுதியான பார்பாஜியாவில் பல கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு வீடும் கண்ணில் படாது. வெளியிலிருந்து வருபவருக்கு இந்நிலம் எவருக்கும் உரியதன்று என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அவற்றுள் பெரும்பகுதி ஊர்ப்பொதுவான மேய்ச்சல் நிலமாகும். 1969ஆம் ஆண்டு ஓர்கோசொலோ ஊருக்கு அருகிலுள்ள பிராதோபெல்லோ மேய்ச்சல் நிலத்தில் இராணுவத் துப்பாக்கிப் பயிற்சிக் களம் அமைக்க முயன்றபோது, ஊர் மக்கள் திரண்டு சென்று அந்நிலத்தில் அமர்ந்து அதனைத் தடுத்தனர். அவ்வூரின் சுவர்களில் இன்று காணப்படும் அரசியல் ஓவியங்கள் அக்காலம் முதல் வரையப்பட்டு வருபவை. ஜென்னார்ஜென்துப் பகுதியில் ஒரு தேசியப் பூங்கா 1998ஆம் ஆண்டு அரசாணையால் அறிவிக்கப்பட்டது. ஆயினும், மேய்ச்சல் உரிமை பறிபோகும் என்று அஞ்சிய மக்களின் எதிர்ப்பால் அது நடைமுறைக்கு வரவில்லை. இங்கு தார்ச்சாலையை விட்டு வண்டியை இறக்குபவர் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வாழ்வாதாரத்தின் மீதுதான் இறக்குகிறார்.

சாலைகளின் தோற்றம்

தீவின் முதுகெலும்பாக அமைந்த சாலை, தெற்கே காலியாரியையும் வடக்கே போர்த்தோ தோர்ரெஸ் துறைமுகத்தையும் இணைக்கிறது. 1822இல் தொடங்கப்பட்டு 1829இல் முடிக்கப்பட்ட இச்சாலை, அப்போதைய அரசரின் பெயரால் கார்லோ ஃபெலிச்சே எனப்படுகிறது. இன்று இது நால்வழி விரைவுச் சாலை (அரசுச் சாலை 131). விரைந்து செல்ல உதவுமே அன்றி, மோட்டார் சைக்கிள் பயணிக்கு இதில் காண்பதற்கு அதிகம் இல்லை.

பழைய அரசுச் சாலைகளின் ஓரத்தில் ஆங்காங்கே செங்காவி நிற வீடுகள் தென்படும். இவை சாலைக் காவலர்களுக்காகக் கட்டப்பட்டவை. 1830ஆம் ஆண்டின் அரச ஆணைப்படி ஒவ்வொரு காவலருக்கும் சில கிலோமீட்டர் நீளமுள்ள சாலைப்பகுதி ஒப்படைக்கப்பட்டது. கல் விழுந்தால் அகற்றுவதும், வடிகாலைத் தூர்வாருவதும், ஓரத்துப் புதரை வெட்டுவதும் அவர்கள் பணி. இவ்வீடுகளுள் பல இப்போது ஆளின்றிக் கிடக்கின்றன. சாலையோரப் புதர் வெட்டப்படாமல் இருப்பதன் விளைவு என்ன என்பது காட்டுத்தீ பற்றிய பகுதியில் விளங்கும்.

முக்கிய வழிகள்

கிழக்குச் சாலை

ஒரியந்தாலே சார்தா எனப்படும் அரசுச் சாலை 125, காலியாரியிலிருந்து கிழக்குப் பகுதி வழியாக வடமுனையிலுள்ள பலாவு வரை சுமார் 350 கி.மீ. செல்கிறது. தெற்குப் பகுதியில் சுரங்கப்பாதைகளுடன் கூடிய புதிய சாலை போடப்பட்டுவிட்டதால், விரைவாகச் செல்ல வேண்டிய வாகனங்கள் அதற்கு மாறிவிட்டன. பழைய சாலை பெரிதும் ஓய்ந்து கிடக்கிறது.

இதன் சிறந்த பகுதி டோர்காலிக்கும் பௌனேயிக்கும் இடைப்பட்ட சுமார் 45 கி.மீ. ஆகும். சுண்ணாம்புக் கல் மலைகளின் தோளில் ஏறி, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலுள்ள ஜென்னா சிலானா கணவாயைக் கடக்கிறது. (ஜென்னா என்பது சார்தீனிய மொழியில் வாயில் என்று பொருள்படும்.) கணவாயில் வண்டியை நிறுத்திவிட்டு, கொர்ரோப்பு என்னும் ஆழமான மலைப்பிளவுக்குக் காலநடையாக இறங்கலாம். உலகில் வேறெங்கும் காணப்படாத ஒரு சிறு பூச்செடி அப்பிளவில் வளர்கிறது. ஏறி வருவதற்குக் கடும் உழைப்பு தேவைப்படும் என்பதால், தோல் உடையும் கனத்த காலணியும் அணிந்தவர்கள் மாற்றுடை வைத்திருப்பது நல்லது.

இச்சாலையில் ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றை எதிர்பார்த்தே செல்ல வேண்டும். மாலையில் வெப்பம் தங்கியிருக்கும் தார்ப்பரப்பின் மீது ஆடுகள் படுத்துக் கிடப்பதுண்டு. மந்தை குறுக்கிட்டால் வண்டியை நிறுத்தி, அது கடக்கும் வரை காத்திருப்பதே முறை. ஒலிப்பானை அழுத்தினால் மந்தை சிதறிப் பள்ளத்தில் விழக்கூடும். மேய்ச்சல் நிலங்களின் குறுக்கே செல்லும் சிறுபாதைகளில் படல் கதவுகள் இருக்கும். மூடியிருந்த கதவைக் கடந்தபின் மூட வேண்டும். திறந்திருந்ததைத் திறந்தே விட வேண்டும்.

அல்கேரோ - போசா சாலை

மேற்குக் கரையில் அல்கேரோவுக்கும், தெமோ ஆற்றின் கரையிலுள்ள போசாவுக்கும் இடையே சுமார் 45 கி.மீ. நீளமுள்ள இச்சாலை, எரிமலைப் பாறைச் சரிவுகளின் மேல் கடலை ஒட்டியே செல்கிறது. இடையில் ஊர்களோ எரிபொருள் நிலையங்களோ இல்லை. மாலைச் சூரியன் கடல்பக்கம் இறங்கும்போது ஒளி நேராகக் கண்ணில் படுவதால், காலையில் செல்வதே நன்று.

பாறு எனப்படும் பெரிய பிணந்தின்னிக் கழுகு இனம் ஒன்று இப்பகுதிப் பாறைகளில் கூடு கட்டுகிறது. விரித்த சிறகின் அகலம் இரண்டரை மீட்டர் அளவுக்கு இருக்கும். ஒரு காலத்தில் தீவெங்கும் காணப்பட்ட இவை, நரி முதலியவற்றைக் கொல்ல வைக்கப்பட்ட நஞ்சு இரையாலும், உணவுக் குறைவாலும் அருகி, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் போசா, அல்கேரோ சுற்றுப்புறத்தில் மட்டுமே எஞ்சின. தாடிப் பாறு, கரும்பாறு ஆகிய வேறு இரு இனங்கள் தீவில் முற்றிலும் அழிந்துபோயின. 2015இல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத் திட்டம் ஒன்றின் கீழ் ஸ்பெயினிலிருந்து பறவைகள் கொண்டுவந்து விடப்பட்டன. பண்ணைகளில் இறந்த கால்நடைகளை இப்பறவைகளுக்கு விட்டுவைக்கும் இடங்களும் அமைக்கப்பட்டன. அதன்பின் எண்ணிக்கை உயர்ந்துள்ளது.

ஒரு இணை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குளிர்கால இறுதியில் இட்ட முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு பறக்கக் கோடைக்காலம் ஆகிவிடும். இடையில் பெற்றோர் பறவைகள் அஞ்சிக் கூட்டை விட்டகன்றால் அவ்வாண்டின் ஈனல் வீணாகும். சாலையில் சீராகக் கடந்து செல்லும் வண்டியை விட, பாறை விளிம்பில் நிறுத்தி இயந்திரத்தை முறுக்கி ஒலியெழுப்புவதும், கூட்டை நோக்கி நடந்து இறங்குவதும், படம் பிடிக்கும் சிறு ஆளில்லா வானூர்தியை ஏவுவதுமே இப்பறவைகளை மிகுதியாக அச்சுறுத்துகின்றன.

சுரங்கக் கடற்கரை

தென்மேற்கில் இக்லேசியாஸ் நகரைச் சுற்றியுள்ள பகுதி ஈயம், துத்தநாகம் ஆகியவற்றின் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்றது. நெபிதா, மசூவா, புஜ்ஜெர்ரு ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்லும் குறுகிய சாலை செங்குத்தான ஏற்ற இறக்கங்கள் கொண்டது. கடலிலிருந்து 133 மீட்டர் உயரத்துக்கு எழும் பான் தி சூக்கெரோ என்னும் வெண்பாறையை இச்சாலையிலிருந்து காணலாம். அதற்கு எதிரே, மலையைக் குடைந்து 1924இல் முடிக்கப்பட்ட போர்த்தோ ஃப்ளாவியா உள்ளது. பொறியாளர் சேசரே வெச்செல்லி வடிவமைத்த இது, மலைக்குள்ளிருந்து நேரே கப்பலில் கனிமத்தைக் கொட்டுவதற்கான அமைப்பு. மேல் சுரங்கப்பாதை வழியே வரும் கனிமம் மலைக்குள் வெட்டப்பட்ட குதிர்களில் விழும். கீழ்ப் பாதையிலுள்ள ஓடும் பட்டை அதனைப் பாறை முகத்துக்கு வெளியே கொண்டுவரும். அதற்குமுன் கூடைகளில் சுமந்து படகேற்றிய தொழிலாளர்களின் வேலையை இது இல்லாமலாக்கியது. பொறியியல் மாணவர்கள் காணத்தக்க இடமாகும்.

புஜ்ஜெர்ருவில் 1904ஆம் ஆண்டு செப்டம்பர் 4 அன்று, வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் மீது படையினர் சுட்டதில் சிலர் உயிரிழந்தனர். இதைத் தொடர்ந்தே இத்தாலியின் முதல் பொது வேலைநிறுத்தம் நடந்தது. சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. கைவிடப்பட்ட கட்டடங்களும் கழிவுக் குவியல்களும் இருக்கும் இடங்களில் ஈயம் கலந்த தூசி உண்டு என்பதால், அங்கே மண்பாதைகளில் வண்டியோட்டி விளையாடுவது அறிவுடைமை ஆகாது.

காட்டுத்தீ

சார்தீனியாவில் பயணி விளைவிக்கக்கூடிய கேடுகளுள் மிகப் பெரியது தீயாகும். கோடையில் மூன்று, நான்கு மாதங்கள் மழையே இராது. மாக்கியா எனப்படும் புதர்க்காட்டின் பல செடிகள் எண்ணெய்ப் பசை மிக்கவை. வடமேற்கிலிருந்து மாயெஸ்திராலே என்னும் வன்காற்று வீசும்போது, ஒரு பொறி சில மணி நேரத்தில் மலை முழுவதும் பரவிவிடும். 1983 சூலை 28 அன்று தெம்பியோ பவுசானியா நகருக்கு அருகே குர்ராஜியா குன்றில் தீயணைக்கச் சென்றவர்களுள் ஒன்பது பேர் உயிரிழந்தனர்.

2021 சூலையில் மேற்கிலுள்ள மோந்திஃபெர்ரு பகுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட எக்டேர் நிலம் எரிந்தது. காடுகளுடன் ஒலிவத் தோப்புகளும் கால்நடைகளும் அழிந்தன. ஊர்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். சாலையில் தீப்பற்றிய ஒரு காரிலிருந்து இது தொடங்கியதாக அப்போது செய்திகள் தெரிவித்தன. குக்லியேரி ஊரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது எனக் கருதப்பட்ட ஒலிவ மரமும் அதில் கருகியது. தாவரவியலாளர்களின் பராமரிப்புக்குப் பின் அதன் அடியிலிருந்து பின்னர் புதுத் தளிர்கள் தோன்றின.

மோட்டார் சைக்கிளுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு நேரடியானது. புகைபோக்கியில் பொருத்தப்பட்டுள்ள வினையூக்கி மாற்றி, நச்சு வளிமங்களைச் சிதைப்பதற்கு உள்ளே சுமார் 400 பாகை செல்சியசும் அதற்கு மேலும் சூடாக வேண்டும். பல வண்டிகளில் இது இயந்திரத்துக்கு அடியில், தரையிலிருந்து ஓரிரு சாண் உயரத்திலேயே உள்ளது. ஓடும்போது காற்று குளிர்விக்கிறது. நிறுத்தியவுடன் அக்குளிர்ச்சி நின்றுவிடுவதால், அடியிலுள்ள காய்ந்த புல் கருகிப் பற்றிக்கொள்ளும் வாய்ப்பு அப்போதுதான் மிகுதி. படம் எடுப்பதற்காகச் சாலையோரப் புல்லில் இரண்டு நிமிடம் நிறுத்துவது தீங்கற்ற செயலாகத் தோன்றினாலும், ஆபத்து அந்த இரண்டு நிமிடத்தில்தான் உள்ளது. தீவின் மண்டல அரசு ஆண்டுதோறும் வெளியிடும் தீத்தடுப்பு விதிகள், சூடான வாகனங்களைக் காய்ந்த புல், சருகு, அறுவடைத் தாள் ஆகியவற்றின் மீது நிறுத்துவதை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. திறந்தவெளியில் தீ மூட்டுவதும், எரியும் சிகரெட்டை வீசுவதும் அவ்வாறே தடை செய்யப்பட்டவை. தார், கான்கிரீட், வெறும் சரளை ஆகியவற்றின் மீது மட்டுமே நிறுத்த வேண்டும். அப்படிப்பட்ட இடம் கிடைக்கவில்லை எனில் அந்தப் படத்தை விட்டுவிடலாம்.

புகையைக் கண்டால் 112 என்னும் அவசர எண்ணுக்கோ, வனக்காவல் படையின் 1515 என்னும் எண்ணுக்கோ தெரிவிக்கலாம். அணைக்கும் வானூர்திகள் பணியாற்றும் சாலையில் நின்று வேடிக்கை பார்ப்பது மீட்பு வண்டிகளுக்கு இடையூறாகும்.

வடக்கிலுள்ள கல்லூரா பகுதியில் தக்கை ஓக் மரங்கள் மிகுதி. இவற்றின் தடித்த பட்டை இயல்பாகத் தீயைத் தாங்கும். ஆனால் தக்கைக்காகப் பட்டை உரிக்கப்பட்ட மரம், செந்நிற அடிமரத்துடன், சில ஆண்டுகள் பாதுகாப்பின்றி நிற்கும். மரம் நட்டு முதல் முறை உரிக்க ஏறத்தாழ 25 ஆண்டுகளும், அடுத்தடுத்து உரிக்கச் சுமார் 10 ஆண்டுகளும் காத்திருக்க வேண்டும். எனவே ஒரு தீயினால் ஒரு குடும்பம் இழப்பது ஓர் ஆண்டு விளைச்சலை மட்டுமன்று. ஒரு தலைமுறையின் உழைப்பை.

மணலும் கடற்கரையும்

மேற்குக் கரையில் பிஷினாஸ் என்னுமிடத்தில் பெரும் மணல்மேடுகள் உள்ளன. இங்குர்தோசு என்னும் பழைய சுரங்க ஊரிலிருந்து மண்பாதை வழியே இவ்விடத்தை அடையலாம். மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை அதன் மீதுள்ள புல்லின் வேர்களும், காற்றால் வளைந்த சூனிப்பர் மரங்களுமே. ஒரு சக்கரத்தடம் வேர்களை அறுத்தால், அவ்விடத்தைக் காற்று அரித்துப் பள்ளமாக்கும். மேடு உள்நோக்கி நகரத் தொடங்கும். ஆகவே மணல்மேட்டில் வண்டியோட்டத் தடை உண்டு. கரையில் ஒதுங்கும் பழுப்பு நிறக் கடற்புல் குவியல்களைக் குப்பை எனச் சிலர் நினைப்பர். அவையே குளிர்கால அலைகள் மணலை வாரிச் செல்லாமல் காப்பவை.

மணல், கூழாங்கல், சிப்பி ஆகியவற்றை எடுத்துச் செல்வது 2017ஆம் ஆண்டின் மண்டலச் சட்டத்தால் தடை செய்யப்பட்டு, 500 முதல் 3,000 யூரோ வரை தண்டம் விதிக்கப்படுகிறது. 2019இல் ஏறத்தாழ 40 கிலோகிராம் மணலைப் புட்டிகளில் நிரப்பிக் கொண்டுசென்ற ஒரு பிரெஞ்சு இணையர் போர்த்தோ தோர்ரெஸ் துறைமுகத்தில் பிடிபட்டனர். லா மத்தலேனா தீவுக்கூட்டத்தின் புதெல்லித் தீவிலுள்ள இளஞ்சிவப்புக் கடற்கரைக்கு அந்நிறம் நுண்ணுயிரிகளின் ஓடுகளால் வந்தது. மணலை அள்ளிச் சென்றே அதனை மக்கள் வெளிறச் செய்ததால், 1990களிலிருந்து அங்கு கால் வைக்க அனுமதி இல்லை.

சில கடற்கரைகளில் வருவோர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பௌனேயிக்கு அருகிலுள்ள கலா கொலோரிட்ஸேக்கு நாளொன்றுக்கு 250 பேரும், ஸ்தின்தீனோவிலுள்ள லா பெலோசாவுக்குக் கோடையில் 1,500 பேரும் அனுமதிக்கப்படுகின்றனர். இவற்றுக்கு முன்பதிவு செய்து கட்டணம் செலுத்த வேண்டும். கலா கொலோரிட்ஸேக்குச் சாலை கிடையாது. கொல்கோ மேட்டுநிலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து இறங்க வேண்டும்.

வளைவுகளில் வேகம்

மலைச்சாலை விபத்துகளைப் புரிந்துகொள்ள எளிய இயற்பியல் போதும். வளைவில் வண்டி சாய வேண்டிய கோணத்தின் தான்சன், வேகத்தின் இருபடியை, வளைவின் ஆரம் மற்றும் புவியீர்ப்பு முடுக்கம் இவற்றின் பெருக்கத்தால் வகுப்பதற்குச் சமம். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 33 பாகை சாய வேண்டும். வேகம் 60 ஆனால் 43 பாகை. பத்து கிலோமீட்டர் கூடியதற்கு இவ்வளவு வேறுபாடு. பின்னது நல்ல டயரும் தூய தார்ப்பரப்பும் இருந்தால் மட்டுமே இயலும். சார்தீனியாவில் வளைவுகளில் சரளையும் ஆட்டுச் சாணமும் கிடப்பது வழக்கம்.

நிற்கும் தூரமும் அவ்வாறே. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், எதிர்வினைக்கு ஒரு விநாடியும், நொடிக்கு நொடி 7 மீட்டர் வேகக் குறைப்பும் கொண்டால், நிற்கச் சுமார் 37 மீட்டர் ஆகும், 90 கி.மீ. வேகத்தில் 70 மீட்டர். ஊர்களுக்கு வெளியே சட்டம் 90 வரை அனுமதிக்கிறது என்பது உண்மையே. ஆனால் பாறை மறைத்து 40 மீட்டர் மட்டுமே தெரியும் வளைவுக்குப் பின்னால் படுத்திருக்கும் மாட்டுக்கு அச்சட்டம் தெரியாது.

இடதுபுறமாக ஓட்டிப் பழகிய இந்திய, இலங்கைப் பயணிகள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இத்தாலியில் வலதுபுறமாகச் செல்ல வேண்டும். இடது வளைவுகளில் சக்கரம் நடுக்கோட்டுக்கு உள்ளே இருந்தாலும், சாய்ந்த ஓட்டுநரின் தலையும் தோளும் கோட்டைத் தாண்டி எதிர்வரும் பேருந்தின் பாதையில் நீண்டுவிடும். ஓய்வுக்குப் பின் ஆளில்லாச் சாலையில் கிளம்பும் முதல் சில நிமிடங்களில்தான் பழைய பழக்கம் திரும்பி வருவது.

விதிகளும் நடைமுறையும்

தலைக்கவசமும், பகலிலும் எரியும் முகப்பு விளக்கும் கட்டாயம். ஊருக்குள் வேக வரம்பு 50 கி.மீ. இந்திய உரிமம் உடையோர் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் வைத்திருக்க வேண்டும். குருதியில் ஆல்ககால் அளவு லிட்டருக்கு 0.5 கிராமைத் தாண்டக்கூடாது. உணவுக்குப் பின் விருந்தோம்பலாக நீட்டப்படும் மிர்தோ என்னும் பழ மதுவை இரவு தங்கும் இடத்தில் மட்டும் ஏற்பது நலம்.

ஜெனோவா, லிவோர்னோ, சிவித்தாவெக்கியா ஆகிய இத்தாலியத் துறைமுகங்களிலிருந்து ஒல்பியா முதலிய இடங்களுக்கு வண்டியுடன் கப்பலில் வரலாம். ஏப்ரல் இறுதி முதல் சூன் வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் ஏற்ற காலம். ஆகத்தில் வெப்பமும் நெரிசலும் நீர்த்தட்டுப்பாடும் தீயச்சமும் ஒருங்கே உச்சத்தில் இருக்கும். இலையுதிர்காலத்தில் பார்பாஜியா ஊர்களில் வார இறுதிகளில் மக்கள் தம் வீட்டு முற்றங்களைத் திறந்து உணவும் கைவினைப் பொருள்களும் விற்பர். அப்போது செல்பவரின் பணம் அவ்வூரிலேயே தங்குகிறது. பண்ணை வீடுகளில் தங்குவதற்கும் இது பொருந்தும்.

மலை ஊர்களின் தெருக்கள் குறுகலானவை; இரு பக்கச் சுவர்களும் ஒலியைத் திருப்பி அனுப்பும். பிற்பகல் ஒரு மணி முதல் நான்கு மணி வரை பெரும்பாலோர் கடையடைத்து ஓய்வெடுப்பர். அந்நேரத்தில் உயர்ந்த கியரில் மெதுவாகக் கடப்பது வழக்கம். எரிபொருள் நிலையங்களிலும் அப்போது பணியாள் இரார். தானியங்கிக் கருவியில் அட்டையோ பணத்தாளோ செலுத்தி நிரப்பிக்கொள்ள வேண்டும். வளைவுச் சாலைகளில் ஒரு மணி நேரத்தில் 40 கி.மீ. கடந்தால் போதுமானது. ஒரு நாளைக்கு 150 முதல் 200 கி.மீ. என்று கணக்கிட்டால், தீவை ஒரு முறை சுற்றி, உள்நாட்டு மலைகளையும் காண ஏறத்தாழ பத்து நாள்கள் தேவைப்படும்.